சின்ன ப்ரூவரியின் பேல் ஏலில் தொடங்கி வீட்டில் பீர் காய்ச்ச ஆசை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கசப்புவிரும்பி எழுதியது:

பீர் என்றால் பல் கூசுகிற அளவுக்குக் குளிரவைத்து மடமடவென்று குடித்து முடிப்பது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு சின்ன ப்ரூவரி திறந்தார்கள். அவர்களுடைய பேல் ஏல் என்ற பீர் வகையைக் குடித்த அன்று அந்த எண்ணம் போய்விட்டது. மூக்கருகே கொண்டுபோகும்போதே எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறின மாதிரி ஒரு வாசம். நாக்கில் முதலில் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மெல்லிய இனிப்பு, அதன் பின்னாலேயே ஒரு கசப்பு வந்து வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகிறது. இதில் என்ன போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அங்கே காய்ச்சுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மனிதர் உள்ளே கூப்பிட்டுப்போய் மால்ட் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மென்று பார்க்கச் சொன்னார். பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவின் உருண்டைகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகரச் சொன்னார். அந்தப் பச்சை வாசம் வீட்டுக்கு வந்த பிறகும் கையில் இருந்தது. வீட்டில் காய்ச்சிப் பார்த்தால் என்ன என்ற ஆசை அன்றைக்குப் பிடித்ததுதான்.

நான் இருக்கும் இடத்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கிறது, அதை முதலிலேயே உறுதி செய்துகொண்டேன். என் கேள்விகள்: மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றைச் சுண்டவைத்தது) வாங்கித் தொடங்கலாமா, நேராகத் தானியத்திலேயே இறங்கலாமா? எவ்வளவு காய்ச்சுவது? அறை வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை, அது பிரச்சினையா?

பழையபீப்பாய் எழுதியது:

நல்ல இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள் நண்பரே. உங்களுக்குப் பிடித்த ஒரு பீர் இருக்கிறது, அதன் ருசி நாக்கில் பதிந்திருக்கிறது. காய்ச்ச வருகிற பலருக்கு அது இருப்பதில்லை. ஏதோ ஒரு செய்முறையை எடுத்துக் காய்ச்சுவார்கள், வந்தது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே தெரியாது. அதனால் அந்த பேல் ஏலையே இலக்காக வையுங்கள். பத்து வகை பீருக்குத் தாவாதீர்கள்.

என் யோசனை, 4 லிட்டர். வீட்டில் இருக்கிற பெரிய பாத்திரம் ஒன்றே போதும், துணிப்பையில் தானியத்தைப் போட்டு ஊறவைக்கும் முறை. ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பிரபலமாக்கிய முறை இது, மிக எளிது. 7 லிட்டர் தண்ணீரை 70 டிகிரி வரை சூடாக்குங்கள். நொறுக்கிய பேல் மால்ட் 1 கிலோவைப் பையோடு இறக்கினால் வெப்பம் 67 அளவில் வந்து நிற்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். மால்ட்டிலேயே அதற்கான நொதிகள் இருக்கின்றன. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும், ஈஸ்ட் முழுதாகத் தின்னக்கூடிய சர்க்கரையைக் கொடுக்கும். ஆல்ஃபா அமைலேஸுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், அது விடுகிற நீளமான சர்க்கரைகளை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அவை பீரில் தங்கிக் கனம் கொடுக்கும். 64 டிகிரியில் ஊறவைத்தால் இனிப்பு தங்காத, லேசான பீர். 69-இல் வைத்தால் கனமான பீர். 67 இரண்டுக்கும் நடுவில்.

அப்புறம் பையைத் தூக்கி வடியவிட்டு, அந்தச் சாற்றை (வோர்ட் என்பார்கள்) மூடி போடாமல் ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். மூடக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறும், அவித்த சோளத்தின் நாற்றம் அது. ஆவியோடு வெளியே போக வழி விட்டால்தான் போகும்.

கொதி தொடங்கியதும் 6 சதவீத ஆல்ஃபா அமிலம் (கசப்பு தருவது) உள்ள ஹாப்ஸ் 8 கிராம். கடைசி 5 நிமிடத்தில் இன்னொரு 8 கிராம். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் உட்காரவைத்துக் குளிரவையுங்கள். 20 டிகிரிக்கு வந்ததும் சுத்தம் செய்த ஜாடிக்கு மாற்றி, உலர் ஈஸ்ட் 3 கிராம் தூவி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்தி மூடிவிடுங்கள். சரி, அறை வெப்பம் பற்றி வேறு யாராவது எழுதுங்கள். எனக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை.

மால்ட்வாசம் எழுதியது:

அண்ணன் சொன்ன அளவுகள் எல்லாம் சரி. ஆனால் முதல் தடவையே தானியம் வேண்டாம் என்பது என் கட்சி.

புதிதாகக் காய்ச்சுகிறவர் கெடுக்கக்கூடிய இடம் இரண்டுதான்: சுத்தம், நொதிக்கும் வெப்பம். இந்த இரண்டும் கைக்கு வரும்வரை மற்ற எல்லாவற்றையும் எளிமையாக வைத்துக்கொள்வது நல்லது. உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 500 கிராமைத் தண்ணீரில் கரைத்தால் அதே 4 லிட்டர் சாறு கிடைக்கும், ஊறவைக்கும் வேலை மிச்சம். ஹாப்ஸை நீங்களே போட்டுக் கொதிக்கவைக்கலாம். ஹாப்ஸ் ஏற்கெனவே கலந்து டின்னில் வரும் பாகை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கசப்பும் வாசமும் யாரோ முடிவு செய்தவை, அதில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

பழையபீப்பாய் எழுதியது:

இவருக்கு ஆசையே மால்ட்டை மென்று பார்த்ததிலிருந்து வந்தது. தானியத்தை ஊறவைத்த பாத்திரத்தைத் திறக்கும்போது வரும் அந்த வாசத்தை முதல் தடவையே அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். 1 கிலோவுக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் சுத்தம் முதலில் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை.

நுரைமகுடம் எழுதியது:

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு, இரண்டும் வேண்டும். அழுக்கு ஒட்டியிருக்கும் பரப்பில் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது. கொதிக்கும்வரை சாற்றைத் தொடுகிற எதற்கும் கவலை இல்லை. ஆறத் தொடங்கிய பிறகு தொடுகிற கரண்டி, குழாய், ஜாடி, மூடி, கத்தரிக்கோல், உங்கள் கை வரைக்கும் எல்லாம் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். கழுவத் தேவையில்லாத அமில வகைக் கிருமிநீக்கி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். வீட்டு ப்ளீச் வேண்டாம். கொஞ்சம் தங்கினாலும் மால்ட்டோடு சேர்ந்து மருந்து வாடை அடிக்கும்.

நொதிகாலம் எழுதியது:

28 டிகிரி பிரச்சினைதான். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 21 டிகிரி வேண்டும். அதிலும் இன்னொன்றைக் கவனியுங்கள்: ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு உண்டாக்கும். அறை 28 என்றால் ஜாடிக்குள் 30-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் ஃபியூசல் ஆல்கஹால்களை அதிகமாக விடும். தொண்டையைச் சுடும், நெயில் பாலிஷ் நீக்கி போன்ற வாடையும் சேர்ந்து வரும். முதல் மூன்று நாள்தான் முக்கியம், பீரின் ருசியில் பெரும்பங்கு அப்போதே முடிவாகிவிடுகிறது.

வழி இரண்டு. ஒன்று, ஜாடியைப் பாதி ஆழத் தண்ணீர் உள்ள தொட்டியில் வைத்து, மேலே ஈரத்துணி சுற்றி, மின்விசிறி போடுங்கள். காலையும் மாலையும் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மாற்றி மாற்றிப் போட்டால் 20 டிகிரியில் நிறுத்தலாம். 4 லிட்டர் என்பதால் இது சுலபம்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது: க்வைக். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உலர்த்திப் பாதுகாத்து வந்த ஈஸ்ட். 30 முதல் 40 டிகிரி வரை சுத்தமாகவே நொதிக்கும், அதுவும் இரண்டு மூன்று நாளில். வாஸ் என்ற வகையில் ஆரஞ்சு வாசம் லேசாக வரும், பேல் ஏலுக்கு அருமையாகப் பொருந்தும். உங்கள் ப்ரூவரி பீரின் ஈஸ்ட் ருசி அப்படியே வராது. ஆனால் அந்த அறையில் வைத்து நல்ல பீர் கிடைக்கும்.

லாகர் வகை பீர் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அதற்கு 9 முதல் 13 டிகிரி, பிறகு வாரக்கணக்கில் குளிரில் வைத்திருக்க வேண்டும். 1883-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டின் ஒற்றைச் செல்லிலிருந்து கலப்பில்லாத தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதற்கு முன்பு பெரிய ஆலைகளே காட்டு ஈஸ்ட் கலந்து பீரைப் பறிகொடுத்துக்கொண்டுதான் இருந்தன. இன்று 11 கிராம் பாக்கெட்டில் அவ்வளவு தூய ஈஸ்ட் நமக்குக் கிடைக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாகத்தான் இருக்கும்.

கசப்புவிரும்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தானியத்திலேயே இறங்குகிறேன், தண்ணீர்த் தொட்டி முறையில் குளிரவைக்கிறேன். மால்ட்வாசம் சொன்னதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு சந்தேகம். அதே பேல் ஏலை அவர்கள் பாட்டிலிலும் விற்கிறார்கள். குழாயில் பிடித்துக் குடிக்கும்போது இருக்கிற எலுமிச்சைத் தோல் வாசம், வெயில் படும் அலமாரியில் வைத்திருந்த பாட்டிலில் இல்லை. கசப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

கூம்புமலர் எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூ. கூம்பு வடிவ மலரைப் பிய்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும், லுபுலின் என்று பெயர். கசப்பு, வாசம் இரண்டுமே அந்தத் தூளில்தான். ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு.

கசப்பு தருவது ஆல்ஃபா அமிலம். அது தண்ணீரில் லேசில் கரையாது. கொதிக்கும்போது அதன் அணு அமைப்பு மாறி ஐசோ ஆல்ஃபா அமிலமாகும், அப்போதுதான் கரைந்து கசக்கும். அதனால்தான் 60 நிமிடம் கொதிக்க வைக்கிறோம், அவ்வளவு செய்தும் கால்வாசியளவுதான் பீருக்கு வருகிறது. வாசம் தருவது எண்ணெய்கள்: மிர்சீன், லினலூல், ஜெரானியால் என்று பல. இவை சூட்டில் ஓடிப்போகும். முதலில் போட்ட ஹாப்ஸின் வாசம் கொதித்து முடியும்போது சமையலறையில்தான் இருக்கும், பாத்திரத்தில் இருக்காது. ஆகவே வாசத்துக்கானதைக் கடைசியில் போடுகிறார்கள். இன்னும் வேண்டுமென்றால் நொதித்து முடிந்த பிறகு, சூடே இல்லாமல், நேராகப் பீரில் போடுகிறார்கள். உங்கள் ப்ரூவரிக்காரர் கட்டாயம் அப்படித்தான் செய்கிறார். கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் பாட்டில். வாச எண்ணெய்களுக்கு எதிரி ஆக்சிஜனும் சூடும். வெயில் அலமாரியில் இருந்தால் சில வாரத்திலேயே மங்கிவிடும், ஐசோ ஆல்ஃபா அமிலம் அதைவிட உறுதியானது, கசப்பு தங்கிவிடும். பாட்டில் பச்சை நிறமோ நிறமில்லாததோ என்றால் இன்னொரு கேடும் உண்டு: வெளிச்சம் பட்டு ஐசோ ஆல்ஃபா அமிலம் உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைத் தரும் ஒரு கந்தகப் பொருள் உண்டாகும். பழுப்பு பாட்டில் இதை நன்றாகத் தடுக்கும். நீங்களும் பழுப்பிலேயே அடையுங்கள்.

வாசத்துக்கு எந்த ஹாப்ஸ் என்று கேட்டால் காஸ்கேட் வாங்குங்கள். 1972-இல் அமெரிக்க வேளாண் துறையின் திட்டத்தில் வெளிவந்த ரகம். அமெரிக்கப் பேல் ஏல் என்று இன்று நாம் சொல்கிற ருசியில் பாதி இதன் கொடை. அப்படிச் சூடில்லாமல் கடைசியில் போடுகிற உலர்ஹாப்புக்கு லிட்டருக்கு 3 கிராம், மூன்று நாள், போதும். அதற்கு மேல் விட்டால் புல் வாடை வரலாம்.

தெளிநீர் எழுதியது:

பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், இதுவரை யாரும் அதைப் பேசவில்லையே.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதல் நாள் இரவே திறந்து வையுங்கள், அல்லது கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். குளோரமைன் என்றால் இரண்டாலும் எளிதில் போகாது, பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் ஒரு சிட்டிகை வேண்டும். குளோரின் தங்கினால் குளோரோஃபீனால் உண்டாகும். பிளாஸ்திரி வாடை அடிக்கும், மிகக் கொஞ்சம் இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

பழைய ஊர்களின் பீர் ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்த் தண்ணீரில் பிறந்தது. செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு, 1842-இல் அங்கே பிறந்த வெளிர்பொன் லாகருக்கு அது வாய்ப்பாகப் போயிற்று. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தில் ஜிப்சம் நிறைந்த கிணற்றுத் தண்ணீர். அந்த சல்ஃபேட் ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும், அதனால் அவர்களுடைய பேல் ஏல் பெயர் வாங்கியது. டப்ளினின் கார்பனேட் தண்ணீருக்கு வறுத்த மால்ட்டின் புளிப்பு ஈடுகொடுத்தது, கறுப்பு பீர் அங்கே நிலைத்தது. முதல் சில தடவை உப்புகளோடு விளையாட வேண்டாம். குளோரினை மட்டும் நீக்குங்கள்.

இளங்குமிழ் எழுதியது:

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நானும் உள்ளூர் கிராஃப்ட் பீரை விரும்பிக் குடிக்கிறவன்தான். எல்லாம் தெரிந்துகொண்டால் அங்கே உட்கார்ந்து நிம்மதியாகக் குடிக்க முடியுமா? குறை கண்டுபிடிக்கிற புத்தி வந்துவிடாதா? எல்லாரும் வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தால் அந்தச் சின்ன ப்ரூவரிகளின் கதி என்ன?

பழையபீப்பாய் எழுதியது:

வீட்டில் காய்ச்சுகிற யாரும் வெளியே குடிப்பதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. அதிகமாகத்தான் போவார்கள், போய் இன்னும் கவனமாகக் குடிப்பார்கள். குறை தெரியும், உண்மைதான். வெண்ணெய் வாடை வந்தால் டையசெட்டில், பச்சை ஆப்பிள் வாடை வந்தால் அசிட்டால்டிஹைடு, பீரை அவசரமாக இறக்கிவிட்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும். அதே நாக்குக்கு நல்ல பீரின் அருமையும் முன்னைவிடத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரே ருசியில் 1,000 லிட்டர் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று 4 லிட்டர் காய்ச்சினவனுக்குத்தான் புரியும்.

சின்ன ப்ரூவரிகளின் கதி என்று கேட்டீர்கள். அவை வந்ததே வீட்டுச் சமையலறையிலிருந்துதான். ஜாக் மெக்காலிஃப் அமெரிக்கக் கடற்படையில் வேலை செய்தபோது ஸ்காட்லாந்தில் ஏல் குடித்துப் பழகியவர். வீட்டில் காய்ச்சிக் கற்றுக்கொண்டு 1976-இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் ப்ரூவரியைத் தொடங்கினார். சில வருடத்திலேயே மூடவேண்டி வந்தது, ஆனால் அதைப் பார்த்துத் துணிந்தவர்கள் ஏராளம். கென் கிராஸ்மன் அதே மாநிலத்தில் ஹோம்ப்ரூ சாமான் கடை வைத்திருந்தார், 1980-இல் பழைய பால்பண்ணைக் கலன்களை வைத்து சியரா நெவாடா என்ற தன் ப்ரூவரியில் காய்ச்ச ஆரம்பித்தார். காஸ்கேட் ஹாப்ஸை உலகறியச் செய்தது அந்தப் பேல் ஏல்தான்.

சட்டமும் கூடவே மாறியது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதி 1963 வரை இருந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்தபோதும் வீட்டு பீருக்கு விலக்கு கிடைக்கவில்லை, 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டதும்தான் கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்தது. இன்றும் இடத்துக்கு இடம் விதி வேறு, விற்பது அநேகமாக எங்குமே தனி உரிமம் கேட்கும் விஷயம். சாராயம் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு சமாச்சாரம், அந்தப் பேச்சே இங்கே வேண்டாம்.

இளங்குமிழ் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். கசப்புவிரும்பி காய்ச்சியதும் எழுதட்டும். பார்த்துவிட்டு நானும் இறங்குகிறேன்.

கசப்புவிரும்பி எழுதியது:

காய்ச்சிவிட்டேன்! பையை இறக்கியபோது வெப்பமானி 67-இல் போய் நின்றது. தொடக்கத்தில் சாறு கஞ்சி மாதிரி கலங்கலாகவும் மாவு ருசியோடும் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டியில் எடுத்தேன். தெளிந்து, பளபளப்பாகி, விரல் ஒட்டுகிற இனிப்பு. மாவு எங்கே போனது என்றே தெரியவில்லை. பழையபீப்பாய் அண்ணன் சொன்ன வாசம் இதுதான் போல.

ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.048 காட்டியது. மறுநாள் காலை ஜாடிக்குள் மூன்று விரல்கடை உயரத்துக்கு வெள்ளை நுரை, நடுவில் பழுப்புத் திட்டுகள். ஏர்லாக்கில் குமிழி வந்துகொண்டே இருந்தது. தொட்டித் தண்ணீர் 19, 20 டிகிரியைத் தாண்டவில்லை. இப்போது நுரை அடங்கிவிட்டது, குமிழியும் நின்றுவிட்டது. பாட்டிலில் அடைக்கலாமா?

நுரைமகுடம் எழுதியது:

பொறுங்கள், குமிழி நின்றதை நம்பி அடைக்கக் கூடாது! மூடி சரியாக இறுகாவிட்டாலும் குமிழி நிற்கும், வெப்பம் மாறினால் நொதித்து முடிந்த பீரிலும் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. இன்று அளந்து பாருங்கள், இரண்டு நாள் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். சர்க்கரை மிச்சம் இருக்கும்போது அடைத்தால் அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். கண்ணாடி, விளையாட்டில்லை.

முடிந்ததும் உலர்ஹாப் போட்டு மூன்று நாள் விடுங்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை அளந்து பாருங்கள், உலர்ஹாப் போட்டதும் நொதித்தல் சில சமயம் திரும்பத் தொடங்கும். அளவு நிலைத்த பிறகு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறக்குங்கள். தளும்பினால் ஆக்சிஜன் கலக்கும், கூம்புமலர் சொன்ன வாசமெல்லாம் வீண். நேராக ஒவ்வொரு பாட்டிலிலும் சர்க்கரை போடுவதைவிட இப்படிக் கலந்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே அளவில் நுரைக்கும்.

பீர் பாட்டில் மட்டும் பயன்படுத்துங்கள், அழுத்தம் தாங்காத மெல்லிய கண்ணாடி கூடாது. மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டு மூடுங்கள். மூடிய அட்டைப்பெட்டிக்குள் இரண்டு வாரம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். நுரைக்கு உங்கள் 28 டிகிரி கெடுதல் செய்யாது, வேகமாகவே முடியும். பிறகு குளிர்பெட்டி.

கசப்புவிரும்பி எழுதியது:

இரண்டு நாள் இடைவெளியில் 1.011, மறுபடி 1.011. உலர்ஹாப்புக்குப் பிறகும் அதேதான். தொடக்கத்தில் இருந்த 1.048-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினேன், ஆல்கஹால் ஏறத்தாழ 4.9 சதவீதம். அடைத்தாயிற்று, இரண்டு வாரமும் ஆயிற்று.

நேற்று ஒரு பாட்டிலை அந்த ப்ரூவரிக்கே எடுத்துப்போனேன். காய்ச்சுகிறவர் தன் பேல் ஏலையும் ஒரு கோப்பையில் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிறம் என்னுடையது ஒரு சாயல் வெளிர். அவர் வெகுநேரம் முகர்ந்தார். சுத்தமாக இருக்கிறது, தவறான வாடை எதுவும் இல்லை என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்ல. கசப்பு அவருடையதோடு சரிசமமாக நிற்கிறது. ஆனால் நடு நாக்கில் அவர் பீரில் வருகிற அந்த இனிப்பு என்னுடையதில் இல்லை, சட்டென்று தண்ணீராக முடிந்துவிடுகிறது. அவர் காரணம் சொல்லவில்லை, கண்டுபிடித்துக்கொண்டு வா என்று விட்டுவிட்டார். அவருடைய பீர் 5 சதவீதத்துக்கு மேல் போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

ஊறவைக்கும் வெப்பத்தை 69-க்கு ஏற்றட்டுமா, கேரமல் மால்ட் சேர்க்கட்டுமா?

மால்ட்வாசம் எழுதியது:

வாழ்த்துகள்! அவர் நிறமும் ஒரு சாயல் அடர்த்தி என்கிறீர்கள், இனிப்பும் கூட. இரண்டும் ஒன்றாக வந்தால் கேரமல் மால்ட்தான். 1 கிலோவில் 60 கிராமை மாற்றிப் போடுங்கள், நடுத்தர நிறத்தில் உள்ளதாக. வெப்பத்தை 67-லேயே விடுங்கள், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பழையபீப்பாய் எழுதியது:

மால்ட்வாசம் சொன்னதே சரி. முதல் தொகுதியில் இரண்டு பாட்டிலைக் குடிக்காமல் குளிர்பெட்டியில் வைத்திருங்கள், அடுத்தது தயாரானதும் பக்கத்தில் ஊற்றி ஒப்பிட வேண்டும்.

இளங்குமிழ் எழுதியது:

நான் இன்று மால்ட் வாங்கிவிட்டேன். 1 கிலோவை எவ்வளவு பொடியாக நொறுக்குவது?

கசப்புவிரும்பி எழுதியது:

மாவாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாக உடைந்து, உமி கிழியாமல் இருந்தால் போதும். வாங்கின இடத்திலேயே நொறுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன்.